ஸ்டீம் மக்கர் பண்ணா உடனே அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க – ஒரு நீண்ட த்ரெட்

1/ சுகர், பிரஷர்னு எழுதிட்டு இருந்தவன் திடீர்னு கம்ப்யூட்டர் கேம் பத்தி ஏன் எழுதறான்னு நினைக்காதீங்க. டியூட்டி ரூம்ல சமீபமா என்கிட்ட அதிகம் கேக்கப்படற சந்தேகம் இதுதான்: "அண்ணா, ஸ்டீம் ஓப்பன் ஆக மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதி வச்சுடறேன். கேம் ஆடாதவங்களும் படிங்க. பின்பாதி உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கானது.

2/ தெரியாதவங்களுக்கு ஒரு அறிமுகம். செல்போன்ல ப்ளே ஸ்டோர் மாதிரி, கம்ப்யூட்டர் கேமுக்கு ஸ்டீம். அமெரிக்காவோட வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. 2004ல வந்த 'ஹாஃப் லைஃப் 2' ஆடணும்னா ஸ்டீம் கண்டிப்பா வேணும்னு வச்சாங்க. அப்போ நிறைய பேர் திட்டினாங்க. இன்னிக்கு பிசி கேம்னாலே ஸ்டீம்தான்னு ஆகிடுச்சு. 2015ல இருந்து நம்ம ஊர் ரூபாய்லயே விலை போட்டு விக்கறாங்க.

3/ முதல்ல அனாட்டமி. ஸ்டீம்னு நாம ஒரே பேர்ல சொல்றது உண்மையில மூணு விஷயம்.
ஒண்ணு, அக்கவுன்ட். நீங்க காசு கொடுத்து வாங்குனது எல்லாம் இதுலதான் இருக்கு. இது உங்க கம்ப்யூட்டர்ல இல்ல, அவங்க சர்வர்ல இருக்கு.
ரெண்டு, கிளையன்ட். உங்க கம்ப்யூட்டர்ல ஓடற புரோகிராம்.
மூணு, கேம் ஃபைலும் சேவ் ஃபைலும். இது உங்க டிஸ்க்ல இருக்கு. சேவ் மட்டும் சில கேமுக்கு கிளவுட்லயும் இருக்கும்.
கிளையன்ட் கெட்டுப்போனா அக்கவுன்ட் போகாது. அக்கவுன்ட் திருடு போனா கிளையன்டை எத்தனை தடவை ரீஇன்ஸ்டால் பண்ணாலும் வராது. இது ரெண்டையும் குழப்பிக்கறதுனாலதான் பாதிப் பதட்டம்.

4/ அடுத்தது ஹிஸ்டரி. வயித்துவலின்னு வந்தவரை நேரா தியேட்டருக்கு தள்ளிட்டுப் போக மாட்டோம் இல்லையா? அதே மாதிரி இங்கயும் நாலு கேள்வி.
எப்போல இருந்து?
எல்லா கேமுக்கும் இப்படியா, ஒரே ஒரு கேமுக்கா?
உங்களுக்கு மட்டுமா, நண்பர்களுக்கும் இதே கதையா?
அதுக்கு முன்னாடி புதுசா என்ன மாத்துனீங்க? ஆன்டிவைரஸ், விண்டோஸ் அப்டேட், புது ஹார்ட் டிஸ்க், விபிஎன்?
இந்த நாலுக்கும் பதில் கிடைச்சா நோய் எந்த உறுப்புலன்னு ஓரளவு தெரிஞ்சுடும்.

5/ நண்பர்களுக்கும் போகலைன்னா கோளாறு உங்க வீட்ல இல்ல. ஸ்டீம்ல வாராந்திரப் பராமரிப்பு வழக்கமா அமெரிக்காவுல செவ்வாய் மதியத்துக்கு மேல நடக்கும். நமக்கு அது புதன் விடியற்காலை. நைட் டியூட்டி முடிஞ்சு நாலரை மணிக்கு லேப்டாப்பை திறந்து லாகின் ஆகலைன்னு ரீஇன்ஸ்டால் பண்ண உக்காராதீங்க. ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. பெரும்பாலும் அதுக்குள்ள சரியாகிடும்.

6/ பழைய கம்ப்யூட்டர்ல லாகின் ஆகலைன்னா ரெண்டு விஷயம் பாருங்க. முதல்ல, கீழ் மூலையில தேதியும் நேரமும் சரியா இருக்கா? மதர்போர்டுல இருக்கற பட்டன் பேட்டரி தீர்ந்தா, கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். தேதி தப்பா இருந்தா பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் ஒத்துப்போகாது, கனெக்ட் ஆகாது. ஒரு சின்ன பேட்டரி மாத்துனா போதும். ரெண்டாவது, விண்டோஸ் 7, 8, 8.1க்கான ஆதரவை 2024 ஜனவரி 1லேயே ஸ்டீம் நிறுத்திடுச்சு. அதுல ஓடலைன்னா வைத்தியம் கிளையன்டுக்கு இல்ல, விண்டோஸுக்கு.

7/ "100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், ஸ்டீம்ல 12தான் வருது, ஏமாத்தறாங்க" – இந்தப் புகார் வாரத்துக்கு ஒண்ணு வரும். யாரும் ஏமாத்தல. நெட் கம்பெனி சொல்றது பிட் கணக்கு, ஸ்டீம் காட்டறது பைட் கணக்கு. 8 பிட் ஒரு பைட். 100ஐ 8ஆல வகுத்தா 12.5. அதாவது 12 வந்தா உங்க லைன் முழு ஆரோக்கியம். கணக்கு குழப்பமா இருந்தா செட்டிங்ஸ்ல டவுன்லோட்ஸ் பக்கத்துல பிட்ல காட்டுன்னு மாத்திக்கலாம்.

8/ அடுத்த புகார், டவுன்லோட் நடுவுல பூஜ்யத்துக்கு இறங்கி நிக்குது. அப்போ அதே பக்கத்துல டிஸ்க் கோட்டைப் பாருங்க. ஸ்டீம் கேமை அமுக்கி, துண்டு துண்டா அனுப்பும். வந்ததை விரிச்சு டிஸ்க்ல எழுதணும். நெட் வேகமாவும் டிஸ்க் மெதுவாவும் இருந்தா, எழுதி முடிக்கற வரைக்கும் நெட் காத்திருக்கும். சோறு வேகமா ஊட்டலாம், மென்னு முழுங்கறதுக்கு நேரம் கொடுக்கணும் இல்லையா? டிஸ்க் கோடு ஏறியிருந்தா பொறுமையா விட்டுடுங்க. பாஸ், ரெஸ்யூம்னு நோண்ட வேண்டாம்.

9/ ரெண்டு கோடும் செத்துக் கிடந்தாதான் உண்மையான கோளாறு. அப்போ வரிசையா:
- டவுன்லோட் ரீஜியனை மாத்துங்க. சென்னை இருந்தா மும்பை வச்சுப் பாருங்க.
- வேக வரம்பு எதுவும் தெரியாம ஆன்ல இருக்கான்னு பாருங்க.
- விபிஎன் இருந்தா நிறுத்துங்க.
- கடைசியா கிளியர் டவுன்லோட் கேஷ். இது உங்களை லாக் அவுட் பண்ணிடும், மறுபடி லாகின் பண்ணணும். பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னு உறுதி பண்ணிட்டு அழுத்துங்க. கேம் எதுவும் அழியாது.
வீட்ல நெட்டை எல்லாரும் பயன்படுத்தறீங்கன்னா, ஆட்டோ அப்டேட்டை நள்ளிரவுக்கு மேல ஓடற மாதிரி நேரம் குறிச்சு வைக்கலாம். அம்மா சீரியல் நடுவுல சுத்தாது.

10/ ஒரே ஒரு கேம் மட்டும் தகராறுன்னா கிளையன்டைத் தொடவே வேண்டாம். லைப்ரரில அந்த கேம் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அதுல வெரிஃபை. ஒவ்வொரு ஃபைலா மூலத்தோட ஒப்பிட்டு, கெட்டுப்போனதை மட்டும் திரும்ப இறக்கும். 80 ஜிபி கேமை முழுசா அழிச்சு இறக்கறதுக்கு பதிலா சில நூறு எம்பில முடியலாம். முடிஞ்சப்புறம் "ஒரு ஃபைல் சரியில்ல"ன்னு ஒவ்வொரு தடவையும் வந்தா பயப்படாதீங்க. சில கேம் தன்னோட செட்டிங் ஃபைலை தானே மாத்தி எழுதிக்கும். அது நோய் இல்ல, மச்சம்.

11/ கிளையன்ட் ஓப்பன் ஆகுது, ஆனா வெள்ளையா இல்ல கருப்பா வெறும் பலகையா நிக்குது. ஸ்டீமோட முகப்பு முழுக்க உள்ளுக்குள்ள ஒரு பிரவுசர்தான். டாஸ்க் மேனேஜர்ல ஸ்டீம் வெப்ஹெல்பர்னு நாலஞ்சு வரி ஓடுமே, அதுதான். முதல்ல டாஸ்க் மேனேஜர்ல ஸ்டீமை முழுசா மூடிட்டு திறங்க. சரியாகலைன்னா கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் பண்ணுங்க. அதுக்கும் மசியலைன்னா, செட்டிங்ஸ்ல இன்டர்ஃபேஸ் பக்கத்துல ஜிபியு ஆக்சிலரேஷனை அணைச்சுப் பாருங்க. கேம் வேகம் இதனால குறையாது, முகப்பு மட்டும் கொஞ்சம் மந்தமாகும்.

12/ இப்போ முக்கியமான எச்சரிக்கை. விண்டோஸ் கன்ட்ரோல் பேனல்ல போய் ஸ்டீமை அன்இன்ஸ்டால் பண்ணா, அந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லா கேமும் சேர்ந்து அழியும். யூடியூப்ல "முதல்ல அன்இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு சொல்ற அண்ணன்கள் இதைச் சொல்ல மாட்டாங்க. பாதுகாப்பான வழி: ஸ்டீமை மூடுங்க. ஸ்டீம் ஃபோல்டரைத் திறந்து மூணே மூணை மட்டும் விட்டுட்டு மத்ததை அழிங்க. விட வேண்டியது: ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டர், யூசர்டேட்டா ஃபோல்டர், ஸ்டீம் டாட் இஎக்ஸ்இ. முதல் ரெண்டுக்கும் வெளிய ஒரு காப்பி எடுத்து வச்சுட்டா இன்னும் நிம்மதி. அப்புறம் அந்த இஎக்ஸ்இயை ஓட விட்டா, தேவையானதை அதுவே இறக்கிக்கும். கேம் அப்படியே இருக்கும். இதைத்தான் ஸ்டீம் உதவிப் பக்கமும் சொல்லுது.

13/ இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, ஒரு கேஸ். மூணாவது வருஷ பிஜி தம்பி ஒருத்தர். ரெண்டு வாரமா எந்த கேமை அப்டேட் பண்ணாலும் "டிஸ்க் ரைட் எரர்". ஹாஸ்டல்ல எல்லாரும் ரீஇன்ஸ்டால் பண்ணுன்னு சொல்லிட்டாங்க. அவரும் அன்னிக்கு ராத்திரி அறுபது சொச்சம் ஜிபி இறக்கத் தயாரா இருந்தார். சாப்பிடும்போது பேச்சு வந்துச்சு. வழக்கமான நாலு கேள்வி கேட்டேன்.

14/ எல்லா கேமும் இல்ல, டி டிரைவ்ல இருக்கறது மட்டும்தான். சி டிரைவ்ல இருக்கற ஒரு சின்ன கேம் நல்லாவே அப்டேட் ஆகுது. அப்போ கிளையன்ட் நல்லாத்தான் இருக்கு. டி டிரைவ் தனி ஹார்ட் டிஸ்க், பழசு. இடம் காலியா இருக்கு, ஆன்டிவைரஸ் எதையும் தடுக்கல. "வேற எதையாவது அதுல காப்பி பண்ணும்போது நின்னுச்சா?" "ஆமா அண்ணா, படம் காப்பி பண்ணா பாதியில தொங்குது. லேப்டாப்ல டக் டக்னு சத்தம் வேற வருது." சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு எழுந்தோம்.

15/ டிஸ்க் தன்னோட உடம்பு நிலையை தானே குறிச்சு வச்சுக்கும், அதுக்கு ஸ்மார்ட்னு பேரு. அதைப் படிக்க இலவச மென்பொருள் இருக்கு. படிச்சா, படிக்க முடியாத செக்டார்கள் வரிசையா. ஸ்டீமோட லாக்ஸ் ஃபோல்டர்ல கன்டென்ட் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுலயும் எழுத முடியலைன்னு திரும்பத் திரும்ப அதே டிரைவ். ஸ்டீம் நோயாளி இல்ல. ஸ்டீம் புகார் சொன்ன உறவுக்காரர். நோயாளி ஹார்ட் டிஸ்க்.

16/ "டி டிரைவ்ல வேற என்ன இருக்கு?"ன்னு கேட்டேன். தம்பி முகம் மாறிடுச்சு. ரெண்டு வருஷ தீசிஸ். மாஸ்டர் சார்ட், ஸ்கேன் படங்கள், எல்லாம் அதுல மட்டும்தான். தீசிஸ் ஏத்துக்கப்படலைன்னா பிஜி பரீட்சை எழுத முடியாது. அறுபது ஜிபியை அந்த டிஸ்க்ல எழுதறதும் சரி, ஒவ்வொரு ஃபைலையும் வெரிஃபை பண்ணி படிக்க வைக்கறதும் சரி, மாரடைப்பு வந்தவரை மாடிப்படி ஏறச் சொல்ற மாதிரி. ஸ்டீமை மூடினோம். முதல்ல தீசிஸ் ஃபோல்டர் மட்டும் பென் டிரைவுக்கு. அப்புறம் மெயிலுக்கு. அப்புறம் போட்டோக்கள். கேம் கடைசி வரைக்கும் வரிசையிலேயே இல்ல. நாலாம் நாள் அந்த டிஸ்க்கை லேப்டாப் கண்டுக்கவே இல்ல. தம்பி தீசிஸ் சமர்ப்பிச்சுட்டார்.

17/ அதனால எழுதி வச்சுக்கங்க: டிஸ்க் ரைட் எரர் திரும்பத் திரும்ப வந்தா, முதல் சிகிச்சை பேக்கப். ரெண்டாவதுதான் ரிப்பேர். ஒரு நாளைக்கு பல ஜிபி எழுதற புரோகிராம் நம்மள்ல நிறைய பேர் கம்ப்யூட்டர்ல ஸ்டீம் ஒண்ணுதான். டிஸ்க் சாகறதை முதல்ல கண்டுபிடிக்கறதும் அதனால அதுவாத்தான் இருக்கும்.

18/ இடப் பற்றாக்குறைக்கு ரெண்டு வரி. செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பக்கம் போய் இன்னொரு டிரைவைச் சேர்த்து, கேமை அங்கிருந்தே மூவ் பண்ணுங்க. கையால கட் பேஸ்ட் பண்ணா ஸ்டீமுக்கு அட்ரஸ் தெரியாம போயிடும். ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு ஒரு வரப்பிரசாதம்: 2023ல வந்த லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபர். பக்கத்து ரூம் நண்பன்கிட்ட அதே கேம் இருந்து ரெண்டு பேரும் ஒரே வைஃபைல இருந்தா, அவன் கம்ப்யூட்டர்ல இருந்தே ஃபைல் வந்துடும். நெட் டேட்டா பெருசா செலவாகாது. கேம் ரெண்டு அக்கவுன்ட்லயும் இருக்கணும், அது வேற விஷயம்.

19/ சேவ் ஃபைல். எல்லா கேமுக்கும் கிளவுட் சேவ் கிடையாது. ஸ்டோர் பக்கத்துல ஸ்டீம் கிளவுட்னு போட்டிருக்கான்னு பாருங்க. இல்லாத கேமுக்கு சேவ் ஃபோல்டரை நீங்கதான் காப்பி எடுக்கணும். கிளவுட் கான்ஃப்ளிக்ட்னு பெட்டி வந்து, இந்த கம்ப்யூட்டர்ல இருக்கறதா, கிளவுட்ல இருக்கறதான்னு கேட்டா அவசரப்பட்டு அழுத்தாதீங்க. ரெண்டுக்கும் தேதி, நேரம் போட்டிருக்கும். படிங்க. சந்தேகம்னா பெட்டியை மூடிட்டு, லோக்கல் சேவை வெளிய காப்பி பண்ணிட்டு அப்புறம் தேர்ந்தெடுங்க. நூறு மணி நேர ஆட்டம் ஒரு கிளிக்ல போகும்.

20/ இப்போ பெற்றோர்களுக்கான பகுதி. எங்ககூட வேலை பாக்கற ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா. பையன் பிளஸ் டூ. அவனோட ஸ்டீம் நண்பன் பேர்ல மெசேஜ்: "எங்க டீமுக்கு ஒரு ஓட்டு போடுடா". லிங்க்கைத் தொட்டா ஸ்டீம் லாகின் விண்டோ மாதிரியே ஒண்ணு. பாஸ்வேர்டு, கோட் ரெண்டும் போட்டான். கொஞ்ச நேரத்துல அக்கவுன்ட் அவன்கிட்ட இல்ல. மெசேஜ் அனுப்புன நண்பன் அக்கவுன்டும் அதே மாதிரி முன்னாடியே திருடு போனதுதான்.

21/ அந்தப் பையன் ரெண்டு நாள் வீட்ல சொல்லல. திட்டுவாங்கன்னு பயம். பாம்பு கடிச்சதை அப்பா அடிப்பார்னு மறைச்சுட்டு லேட்டா வர்ற பிள்ளைங்களை கேஷுவல்ட்டில பாத்திருக்கோம். இதுவும் அதே கணக்குதான், நேரம்தான் விஷம். அந்த ஸ்டீம் அக்கவுன்டுக்கு கொடுத்திருந்த மெயில் அம்மாவோடது. பாஸ்வேர்டும் அதே பாஸ்வேர்டு. அந்த மெயில்லதான் அக்காவோட பேங்க் தகவல் எல்லாம் வரும். கேம் போனது சின்ன காயம். பெரிய ரத்தக்கசிவு மெயில்ல காத்திருந்துச்சு.

22/ அதனால வரிசை முக்கியம்.
முதல்ல மெயில் பாஸ்வேர்டை வேற, சுத்தமான கருவில இருந்து மாத்துங்க. மெயிலுக்கு ரெண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்க. அதே பாஸ்வேர்டு இருக்கற மத்த எல்லா இடத்துலயும் மாத்துங்க.
அப்புறம் ஸ்டீம் சப்போர்ட் தளத்துல அக்கவுன்ட் திருடு போச்சுங்கற வழியில போங்க. பழைய மெயில், பழைய பேமென்ட் விவரம் ஆதாரமாக் கேப்பாங்க. கேம் வாங்குன ரசீது மெயில்களை அழிக்காம வைங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.
கிடைச்சதும் எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் பண்ணுங்க. வெப் ஏபிஐ கீன்னு ஒண்ணு யாராவது போட்டு வச்சிருந்தா நீக்குங்க. திருடன் வச்சுட்டுப் போற கள்ளச்சாவி அது. பாஸ்வேர்டை மட்டும் மாத்திட்டு இதை விட்டுடாதீங்க.
நண்பர்கள் எல்லாருக்கும் "என் பேர்ல வந்த லிங்க்கைத் தொடாதீங்க"ன்னு சொல்லிடுங்க.
அந்தப் பையனுக்கு அக்கவுன்ட் திரும்பக் கிடைச்சுது. அக்கா திட்டல. அதுக்காகவே அவங்களுக்கு ஒரு கும்பிடு.

23/ போலி லாகின் விண்டோவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய டெஸ்ட். அந்தச் சின்ன விண்டோவை மவுஸால பிடிச்சு பிரவுசருக்கு வெளிய இழுங்க. உண்மையான விண்டோ வெளிய வரும். பக்கத்துக்குள்ள வரைஞ்சு வச்ச போலி, பிரவுசர் ஓரத்துல முட்டி நிக்கும். க்யூஆர் கோட் ஸ்கேன் பண்ணி லாகின் பண்ணச் சொன்னாலும் அதே ஜாக்கிரதை. "தெரியாம உன் அக்கவுன்டை ரிப்போர்ட் பண்ணிட்டேன், இந்த ஸ்டீம் ஆபீசர்கிட்ட டிஸ்கார்டுல பேசு"ன்னு வந்தா நூத்துக்கு நூறு மோசடி. ஸ்டீம் ஊழியர் யாரும் டிஸ்கார்டுல வந்து பேச மாட்டாங்க, பாஸ்வேர்டு கேக்க மாட்டாங்க.

24/ கடைக்குள்ளயே விஷம் வந்த கதையும் உண்டு. 2025 பிப்ரவரில 'பைரேட்ஃபை'ங்கற இலவச கேம்ல தகவல் திருடற மால்வேர் இருந்தது தெரிஞ்சு ஸ்டீம் அதை நீக்குச்சு. அதே வருஷம் 'பிளாக் பிளாஸ்டர்ஸ்'னு இன்னொண்ணு. புற்றுநோய் சிகிச்சைக்காக மக்கள் கொடுத்த நன்கொடையை ஒரு ஸ்ட்ரீமரோட கிரிப்டோ கணக்குல இருந்தே உருவிட்டாங்க. ஸ்டீம்ல இருக்கறதால மட்டும் பாதுகாப்புன்னு அர்த்தமில்ல. பேர் தெரியாத இலவச கேமை, அதுவும் யாரோ "ஆடிப் பாரு"ன்னு சாட்ல அனுப்புனதை இறக்காதீங்க.

25/ பிள்ளைங்க ஆடறாங்கன்னா ஸ்டீம் ஃபேமிலிஸ் போட்டுக்கங்க. 2024 செப்டம்பர்ல எல்லாருக்கும் வந்துச்சு. ஒரே வீட்ல இருக்கற 6 பேர் வரைக்கும் சேரலாம். நேர வரம்பு வைக்கலாம், எவ்வளவு நேரம் ஆடினாங்கன்னு பாக்கலாம், வாங்கணும்னா உங்க அனுமதி கேக்கும். ஒரு எச்சரிக்கை: உங்க கேமை எடுத்து ஆடி குடும்பத்துல ஒருத்தர் ஏமாத்து வேலை பண்ணி மாட்டுனா, அந்த கேம்ல உங்களுக்கும் தடை விழலாம். ஊர்ப்பட்ட நண்பர்களை எல்லாம் குடும்பம்னு சேக்காதீங்க.

26/ வாங்குன கேம் பிடிக்கலையா? 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம். கம்ப்யூட்டர்ல ஓடுமான்னு சந்தேகமா இருந்தா முதல் ஒரு மணி நேரத்துலயே முடிவு பண்ணிடுங்க. இன்னொண்ணு, நாம வாங்கறது கேம் இல்ல, ஆடறதுக்கான உரிமம். அக்கவுன்டை விக்கவோ, இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கவோ ஒப்பந்தப்படி முடியாது. "பழைய அக்கவுன்ட் மலிவா இருக்கு"ன்னு யாராவது வித்தா வாங்காதீங்க.

27/ இன்னிக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க:
- ஸ்டீம் கார்டை மொபைல் ஆப்ல ஆன் பண்ணுங்க.
- 'ஆர்' எழுத்துல ஆரம்பிக்கற ரெகவரி கோடை ஒரு பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க. போன் தொலைஞ்சா அதுதான் சாவி.
- மெயிலுக்கும் ஸ்டீமுக்கும் வேற வேற பாஸ்வேர்டு.
- கிளவுட் இல்லாத கேமோட சேவை ஒரு பென் டிரைவ்ல போடுங்க.
- தீசிஸ், ஆல்பம், சர்டிபிகேட் ஸ்கேன் எதுவா இருந்தாலும் ஒரே டிஸ்க்ல மட்டும் இருக்கான்னு பாருங்க. இருந்தா இன்னிக்கே இன்னொரு காப்பி.

28/ சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. எரர் மெசேஜை அப்படியே படம் எடுத்துப் போடுங்க, பாஸ்வேர்டு, மெயில் ஐடி தெரியாம. "ஓப்பன் ஆகல"ன்னு மட்டும் போடாதீங்க, அது "உடம்பு சரியில்ல"ன்னு சொல்ற மாதிரி. நாலு கேள்விக்கும் பதிலோட வாங்க. டியூட்டி முடிஞ்சதும் பதில் போடறேன். உங்க ஹாஸ்டல் குரூப்ல, பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப்ல பகிருங்க.